அப்பாவுக்கு 20 சிட்டிங்

அப்பாவுக்கு 69 வயசு, ராத்திரி அஞ்சு தடவ எந்திரிச்சு பாத்ரூம் போறாரேன்னு தான் பிஎஸ்ஏ டெஸ்ட் எடுத்தோம், ப்ராஸ்டேட்ல (ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு கீழ இருக்குற சுரப்பி) கோளாறு இருக்கான்னு பாக்குற ரத்த டெஸ்ட், 14 வந்துச்சு, ரொம்ப அதிகம். அப்புறம் எம்ஆர்ஐ, பயாப்ஸி, பெட் ஸ்கேன்னு வரிசையா ஓடுனதுல ப்ராஸ்டேட் கேன்சர்னு ஆயிடுச்சு, அதோட வீரியத்த சொல்ற கிளீசன் மார்க்கு 4+3, நல்லவேளை வெளிய எங்கயும் பரவல. ஆபரேஷன் மட்டும் வேணாம்னு அப்பா ஒரே பிடிவாதம்.

சரி கரண்டு, அதான் ரேடியேஷன், வச்சுக்கலாம்னா எனக்கு பயமே நாள் கணக்கு தான். எங்க தெரு பெரியவர் ஒருத்தருக்கு 2011ல 37 சிட்டிங், ஏழரை வாரம் லாட்ஜ்லயே கெடந்தாங்க, நெஜமாவே ஏழரை தான். டாக்டர்கிட்ட இத சொன்னா, இப்ப 20 போதும்ங்க, சிலருக்கு அஞ்சுலயே முடிச்சிடுறோம்ங்கிறாரு. எனக்கு உடனே சந்தேகம், வயசானவர்தானேன்னு கொறச்சு வைக்கிறாங்களோன்னு. அவரு ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் காட்டுனாரு. பழைய முறை தினம் 2 கிரே (கதிர் டோஸோட அளவு), 37 நாள், 74. இப்ப தினம் 3 கிரே, 20 நாள், 60. கூட்டிப்பாத்தா கம்மி மாதிரி தெரியும், ஆனா இந்த கேன்சர் செல்லுக்கு ஒரு வேளை டோஸ் பெருசா இருந்தா தான் நல்லா அடிபடுமாம், இங்கிலாந்துல மூவாயிரம் பேருக்கு மேல பாத்து 2016லயே ரிசல்ட் வந்தாச்சுன்னாரு. அஞ்சு சிட்டிங்குக்கும் 2024ல நல்ல ரிசல்ட் தானாம். அப்ப அஞ்சே வச்சிருங்கன்னேன். ப்ராஸ்டேட் பெருசா இருக்கு, ஏற்கனவே யூரின் முக்கி முக்கி போறாரு, பெரிய டோஸ்ல வீங்கி அடைச்சுக்கிட்டா ட்யூப் போடணும், இவருக்கு 20 தான் சரின்னுட்டாரு.

கூடவே ஆண் ஹார்மோன கொறைக்க மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஊசி. அது செஞ்ச கூத்து, மார்கழிப் பனியில மனுஷன் ஃபேன அஞ்சுல வச்சுட்டு வேர்த்து உக்காந்திருக்காரு, அம்மா பாத்துட்டு, எனக்கு அம்பதுல இதே வந்தப்ப யாருய்யா கேட்டீங்கன்னு ஒரே சிரிப்பு.

ஆனா உண்மையான கஷ்டம் கரண்டு இல்ல, தண்ணி. டெய்லி வயித்த காலி பண்ணிட்டு, யூரின் போயிட்டு, அரை லிட்டர் குடிச்சு முக்கா மணி நேரம் அடக்கணும், மூத்திரப்பை நெறஞ்சிருந்தா தான் குடலும் பையும் கரண்டு அதிகம் படாம ஒதுங்கி இருக்கும். மெஷின்லயே மொதல்ல ஸ்கேன் பண்ணி பாக்குறாங்க. மூணாவது நாள் உள்ள படுத்தவர, மலக்குடல்ல கேஸ் இருக்குன்னு எறக்கி விட்டுட்டாங்க, மொத நாள் ராத்திரி சுண்டல் சாப்டிருக்காரு. இன்னொரு நாள் மெஷின் நின்னு போச்சு, அத ஒரு வார்த்த சொல்லல, அப்பா தண்ணி குடிச்சிட்டு பல்ல கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்து கடைசில வேட்டியிலயே ஆயிடுச்சு. அன்னைக்கு நான் ரிசப்ஷன்ல போட்ட சத்தம் எனக்கே இப்ப வெக்கமா இருக்கு, ஆனா அதுக்கப்புறம் கூப்பிட்டு, இப்ப குடிங்க சார்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. தண்ணி குடிக்க முன்னாடி மெஷின் டைம்ல ஓடுதான்னு நீங்களே கேட்டுக்கங்க.

மூணாவது வாரம் யூரின் எரிச்சல், மாத்திரையில அடங்குச்சு. இப்ப ஆறு மாசம் ஆச்சு, பிஎஸ்ஏ ஒண்ணுக்கு கீழ.

போன வாரம் அந்த தெரு பெரியவர் வந்து, எனக்கு 37 வச்சாங்க உனக்கு 20 தானா, நல்லா விசாரிச்சியாடான்னாரு. அப்பா ஒண்ணும் பேசல, பர்ஸ்லருந்து அந்த துண்டு பேப்பர எடுத்து நீட்டுனாரு.