மாறிப் போக வழி

மைக்ரோசாஃப்ட் உலாவியை இலவசமாகத்தானே தருகிறது, வாடிக்கையாளருக்கு என்ன நஷ்டம், அரசு எதற்குத் தலையிட வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் அலுவலகம் மைக்ரோசாஃப்டின் வேர்ட், எக்ஸெலை விட்டு, அதே வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்கு மாறும்போது நிறுவும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். கேலிப்ரி எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்காரும்; வரி மடங்கும் இடம் மாறும்; ஒரே பக்கத்தில் முடிந்த கடிதத்தின் கையெழுத்து இடம் மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். எழுத்துகளின் அகலம் கேலிப்ரியைப் போலவே உள்ள கார்லிட்டோ எழுத்துருவை முன்கூட்டியே போட்டுவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

வேலைகள் தானாக நடக்கக் கோப்புக்குள் எழுதிவைக்கும் கட்டளைகளான மேக்ரோக்களுக்கு அப்படி எளிய மருந்து இல்லை. மைக்ரோசாஃப்டின் விபிஏ மொழியில் எழுதியவற்றில் சில ஓடும், சில பாதியில் நிற்கும். ஆகவே மாறுவதற்கு முன் மேக்ரோ உள்ள கோப்புகளை எண்ணிவிட வேண்டும். எக்ஸ்எல்எஸ்எம் என்று முடிபவை தேடினால் அகப்படும். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். கணக்குப் பிரிவின் முக்கியமான கோப்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையாகத்தான் இருக்கும்!

வாடிக்கையாளருக்கு நஷ்டம் இங்கேதான், வேறொன்றுக்கு மாற நினைக்கும்போது. உலாவி இலவசமாகக் கிடைக்கிறதே என்ற வாதம் இதைத் தொடுவதே இல்லை. அரசு தலையிடலாம், தலையிடவும் வேண்டும். ஆனால் எதில் கை வைக்கிறது என்பதைப் பொறுத்தே பலன்.

மைக்ரோசாஃப்ட் மீது 2004இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, இரண்டு உத்தரவுகளும் போட்டது. மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்பது ஒன்று. அது முழுப் பதிப்பின் விலைக்கே வந்தது, சீந்துவார் இல்லை. சர்வர்கள் விண்டோஸோடு பேசும் நெறிமுறைகளைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்பது மற்றொன்று. அதுவரை, விண்டோஸ் சர்வரின் வேலையை லினக்ஸில் செய்யும் இலவச மென்பொருளான சம்பாவின் திட்டத்தார், நெட்வொர்க்கில் ஓடும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பார்த்துப் பார்த்தே நெறிமுறையை ஊகித்துவந்தார்கள். 2007 டிசம்பரில், ஒருமுறை செலுத்தும் 10,000 யூரோவுக்கு ஆவணங்கள் கிடைக்க வழி பிறந்தது. 2012இல் வந்த சம்பா 4, அலுவலகத்தின் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரிக்கு டொமைன் கன்ட்ரோலராகவே, அதாவது அதை நடத்தும் சர்வராகவே, இயங்கியது. விண்டோஸ் கணினிகளின் உள்நுழைவை ஒரு லினக்ஸ் சர்வரே கவனித்துக்கொள்ள முடிந்தது.

உத்தரவு போட்டால் மட்டும் போதாது, கண்காணிக்கவும் வேண்டும். உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக ஒப்புக்கொண்ட அதே நிறுவனம், விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1இல் அதை விட்டுவிட்டது. 2013இல் அதற்கு 56.1 கோடி யூரோ அபராதம். ஒவ்வொரு அப்டேட்டையும் புதுக் கணினியில் ஏற்றிப் பார்க்க ஆணையத்தின் பக்கம் ஒரு சோதனையாளர் இருந்திருந்தால், முதல் நாளே தெரிந்திருக்கும்.