தேதி இல்லாத சான்றிதழும் வாய்தவறிய ஒரு பெயரும்

குழந்தைகள் பாதுகாப்பில் புறத்தொடர்புப் பணியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன், ஒப்பந்த அடிப்படையில். பன்னிரண்டாம் வகுப்பும் பேச்சுத்திறனும் போதும், அனுபவம் இருந்தால் முன்னுரிமை. பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்று வருடம் மாலை வகுப்பு எடுத்த சான்றிதழ் என்னிடம் இருந்தது. அதுதான் காலை வாரியது.

கூடலூரில் முதல் பஸ் பிடித்து, நடுவட்டம் மூட்டத்தில் ஊர்ந்து விண்ணப்பம் கொடுக்க ஊட்டி போனால், கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் தள்ளினார். "எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைன்னு போடலையேம்மா." மூன்று ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறதே சார் என்றேன். "தேதி வேணும்." ஐம்பது கிலோமீட்டர் வந்த கதையெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் கடைசி நாள். சான்றிதழ் கொடுத்த எங்கள் அமைப்பின் செயலாளர் வெளியூர் போயிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கிக் கையெழுத்து வாங்கினேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, முத்திரை மூன்றையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விண்ணப்பம் உள்ளே போனது. அப்புறம் நேர்காணல்.

2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், 74-ஆம் பிரிவுப்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது, எல்லாம் நாக்கு நுனியில். அவர்களோ சட்டமே கேட்கவில்லை. "பேசவே பேசாத குழந்தையைப் பார்த்திருக்கீங்களா?" என்றார் ஒரு மேடம். உற்சாகமாக ஆரம்பித்தேன், பையனின் பெயரையும் ஊரையும் சொல்லி. மேடம் கையை உயர்த்தினார். "பேர் வேண்டாம்மா." 74 மனப்பாடம், வாய்க்குத்தான் தெரியவில்லை. காது வரை சுட்டது.

பெயரில்லாமல் தொடர்ந்தேன். அவன் பல நாள் வகுப்புக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அவனாகவே பென்சில் கேட்டான். அதற்கப்புறம்தான், தன்னை இஞ்சிக் காட்டு வேலைக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தீங்களா?"

"இல்லை மேடம். உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லியாகணும்னு அவன்கிட்டயே சொன்னேன். கோபப்பட்டான். ரெண்டு நாள் வரல. அவன் திரும்பி வந்தப்புறம் அவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன்."

மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். ரெண்டு நாள் தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்தாரோ என்று ஊட்டியிலிருந்து வீடு வரும்வரை உறுத்தியது.

போன வாரம் வேலைக்கான ஆணை வந்துவிட்டது. அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதி போட்ட அந்தக் காகிதத்தை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.