எந்த நாட்டு நீதிமன்றம்?

4 மார்ச் 2024, திங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பெற்றோருடன் தங்கியிருக்கும் தாய் ஒருவர் சட்ட ஆலோசனை கேட்டு இன்று என்னைச் சந்தித்தார். இலண்டனில் பிறந்து அங்கேயே வளர்ந்த எட்டு வயது மகளைக் கடந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு அழைத்து வந்தவர், கணவரின் சம்மதமின்றி இங்கேயே நின்றுவிட்டார். பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கோரும் கணவரின் விண்ணப்பம் இலங்கை நீதி அமைச்சுக்கு வந்திருக்கிறது. "நான்தானே மேடம் பிள்ளையை வளர்த்தனான்? வழக்கை இங்கேயே பேசேலாதா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் இப்போது கொழும்பில் விசாரிக்கப்படப்போவது அதுவன்று.

6 மார்ச், புதன்

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு முறைகேடாகக் கொண்டுசெல்லப்பட்ட அல்லது அங்கே தடுத்துவைக்கப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய சர்வதேச உடன்படிக்கையான 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தையும், அதற்கு இலங்கையில் சட்டவலுவளித்த 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தையும் மீண்டும் வாசித்தேன். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை, மற்றப் பெற்றோரின் கட்டுக்காப்பு உரிமையை, அதாவது பிள்ளையைத் தம்மிடம் வைத்துப் பராமரிக்கும் உரிமையை, மீறி வழக்கமான வதிவிட நாட்டுக்கு வெளியே தடுத்துவைத்தால், திருப்பி அனுப்புவதா என்ற கேள்வி தீரும்வரை கட்டுக்காப்பு யாருக்கு என்பதை இங்குள்ள நீதிமன்றம் தீர்மானிக்கக் கூடாது என்கிறது 16ஆம் உறுப்புரை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பிள்ளையின் ஆசிரியரும் மருத்துவரும் அயலவரும் இலண்டனில் இருக்க, அவர்களில் ஒருவரையும் நேரில் கேளாமல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் அவளுடைய வாழ்க்கையைத் தீர்மானிப்பது எப்படி? இல்லாவிட்டால், முதலில் விமானச்சீட்டு வாங்கியவருக்கே நீதிமன்றத்தைத் தெரிவுசெய்யும் உரிமை போய்விடும்.

மாலையில் பிள்ளையின் அம்மம்மா தொலைபேசியில் பேசினார். இந்தியா இச்சமவாயத்தில் சேராததால் சென்னைக்குப் போய்விடலாம் என யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூடவே கூடாது என்றேன். ஒரு பிள்ளையை இன்னொரு முறை வேரோடு பிடுங்குவதற்கு நான் துணைபோக மாட்டேன்.

13 மார்ச், புதன்

கணவரின் கோபத்தைப் பற்றி இன்றுதான் தாய் வாய் திறந்தார். திரும்பிப் போனால் பிள்ளைக்கு உடல் அல்லது உளரீதியான பாரதூரமான ஆபத்து உண்டென நிரூபித்தால் நீதிமன்றம் திருப்பி அனுப்ப மறுக்கலாம் என்று 13ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. ஆனால் அவரிடம் பொலிஸ் முறைப்பாடோ மருத்துவ அறிக்கையோ இல்லை. அதனால் அவரை நான் நம்பவில்லை என்றாகாது. சான்று அங்கேதான் தேடப்பட வேண்டும்.

வழக்கை இழுத்தடித்து ஓராண்டைக் கடத்தினால் பிள்ளை இங்கே ஊன்றிவிட்டாள் என வாதாடித் திருப்பி அனுப்புவதைத் தடுக்கலாமே என்றார் அவருடைய அண்ணா. அந்த ஓராண்டு கணக்கிடப்படுவது வழக்குத் தொடுக்கும் நாள்வரைதான், தீர்ப்பு நாள்வரையன்று என விளக்கினேன். ஆறு வாரங்களில் முடிவு வர வேண்டுமெனச் சமவாயம் எதிர்பார்ப்பதும் பிள்ளையின் நன்மைக்காகவே.

நீண்ட நேரம் அழுதபின், தாமாகவே திரும்ப அவர் இணங்கினார். தாய்க்கும் மகளுக்கும் தனி வீடு, செலவுப்பணம், தாய்மீது குற்றவியல் முறைப்பாடு செய்வதில்லை என்ற எழுத்துமூல உறுதி ஆகியவற்றைக் கேட்டுக் கணவரின் சட்டத்தரணிக்கு இன்றிரவே கடிதம் எழுதினேன். மகளுடன் கொழும்பில் வாழ அனுமதிக்குமாறு அவர் இங்கிலாந்து நீதிமன்றத்திடமே கேட்கலாம். அந்த மனுவுக்கு இலண்டனில் தமிழ் தெரிந்த சட்டத்தரணி ஒருவரை நாளை ஒழுங்குசெய்ய வேண்டும்.