1867-ஐயும் 2524-ஐயும் ஒட்டினால்

லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட வருடம் 1867. பீதுருதலாகலயின் உயரம் 2524 மீற்றர். மலையகத்தில் பலருக்கும் மனப்பாடமான இந்த இரண்டையும் ஒட்டி எழுதினால் 18672524 வரும். ஒரு கோடியே எண்பத்தாறு இலட்சத்துச் சொச்சம். இதன் காரணிகளைக் கல்குலேட்டர் இல்லாமலே பிரித்துவிடலாம்.

கடைசி இரண்டு இலக்கம் 24 என்பதால் 4-ஆல் வகுபடும். கடைசி மூன்று இலக்கமான 524 எட்டால் வகுபடாது, ஆகவே 2 இரண்டு தடவைதான். இலக்கங்களைக் கூட்டினால் 35. எனவே 3 இல்லை. 5-உம் இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே தடவையில் பார்க்கலாம், 7×11×13=1001 என்பதால். வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, கழித்துக் கூட்டுங்கள்: 524−672+18=−130. இது 13-இன் மடங்கு; 7-க்கும் 11-க்கும் ஒத்துவராது. பலர் பிழைவிடும் இடம் இதுதான். வாயால் இலட்சக் கணக்கில் சொல்லிப் பழகிய கையோடு 1,86,72,524 என்று வெட்டினால் 524−72+86−1=537 வரும். அதில் 13 இல்லை. கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

அடுத்து 17, 19, 23 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போகாதீர்கள், வீண் வேலை. நாலு நாலு இலக்கமாக வெட்டிப் பாருங்கள். 10001=73×137. நமது எண் 1867×10000+2524, அதாவது 1867×10001+(2524−1867). முதற்பகுதி தானாகவே 73-ஆல் வகுபடும். மிச்சம் 657, அதுவோ 9×73. ஒரேயொரு கழித்தலில் மலையும் தேயிலையும் 73-ஐக் காட்டிக்கொடுத்துவிட்டன! 137-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

4×13×73=3796. இதனால் வகுத்தால் மீதியின்றி 4919 கிடைக்கும். இதன் வர்க்கமூலம் 70-ஐக் கொஞ்சம் தாண்டும். எனவே 67 வரையுள்ள 19 முதன்மை எண்களைச் சோதித்தால் போதும். 17-இல் கவனம்: 17×17×17=4913, ஆறு மட்டும் தள்ளி நிற்கிறது. ஒன்றாலும் வகுபடாது, ஆக 4919 முதன்மை எண்.

18672524=2²×13×73×4919.

காரணிகள் மொத்தம் 24. தன்னை விட்டு மற்றவற்றைக் கூட்டினால் 17007316, எண்ணை விடக் குறைவு. இரண்டு வர்க்கங்களின் கூட்டாக இதை எழுதவே முடியாது. 13=4+9, 73=9+64 எனப் பிரியும்; ஆனால் 4919-ஐ நாலால் வகுத்தால் மீதி 3, அது ஒரு தடவை மட்டும் வருவதால் எல்லாம் குழம்பிப்போகிறது. (மலை உயரத்தை அடியில் எடுத்தால் 8281, அது 91×91. வர்க்கப் பிரியர்கள் அடிக்கணக்கிலேயே இருக்கலாம்.)

இரண்டையும் இடம்மாற்றி 25241867 என எழுதினாலும் 73 அசையாது, வித்தியாசம் அதே 657தானே. 13 போய்விடும், அதன் இடத்தில் 7 வரும்: 7×73×49397. கடைசி எண் இன்னும் உடையும். ஐம்பதுக்குள் தேடுங்கள்.