வீட்டில் மார்கரிட்டா: அளவைத் தீர்மானிப்பது எலுமிச்சை

மார்கரிட்டா என்ற மதுக்கலவையில் சேர்பவை நான்கே பொருள்கள்: மெக்சிகோவின் மதுவான டெக்கீலா, ஆரஞ்சுத் தோலின் மணமேற்றிய இனிப்பு மதுவான ட்ரிப்பிள் செக், எலுமிச்சைச் சாறு, கிளாஸின் விளிம்பில் உப்பு. பொருள்கள் இத்தனை குறைவாக இருக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடாது. புளிப்பும் இனிப்பும் சேர்த்துப் புட்டியில் அடைத்து விற்கப்படும் பச்சைத் திரவத்தை டெக்கீலாவில் ஊற்றி, நிறைய ஐஸைப் போட்டுக் கொடுப்பதுதான் மார்கரிட்டா என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. அப்போதே பிழிந்த சாற்றைக் கொண்டு வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தவர்கள் அந்தப் புட்டியை மறுபடி தேடிப் போகமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

பன்னாட்டு மதுக்கலைஞர்கள் சங்கம் தன் பட்டியலில் தரும் அளவு 50 மில்லி டெக்கீலா, 20 மில்லி ட்ரிப்பிள் செக், 15 மில்லி எலுமிச்சைச் சாறு என்பதாகும். புளிப்பை விரும்புகிறவர்கள் 50, 25, 25 என்றும் கலப்பதுண்டு. இந்த எண்களில் முதல் இரண்டை அப்படியே நம்பலாம், ஏனென்றால் ஒரே நிறுவனத்தின் டெக்கீலாவும் ட்ரிப்பிள் செக்கும் எந்தப் புட்டியைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்றாவது எண்ணை அப்படி நம்ப முடியாது. பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் எலுமிச்சையின் புளிப்பும் மணமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, அளவுக் குவளையைக் கையில் எடுப்பதற்கு முன்னால், பிழிந்த சாற்றில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தப் பானத்தின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

எந்த எலுமிச்சை என்ற கேள்வியும் அத்துடன் வருகிறது. மெல்லிய தோலும் விதைகளும் உள்ள சிறிய பழம் ஒன்று. அதைவிடப் பெரிதாகவும் தோல் சற்றுத் தடித்தும் பெரும்பாலும் விதையில்லாமலும் இருக்கும் பாரசீக எலுமிச்சை மற்றொன்று. மெக்சிகோவில் அன்றாடம் புழங்குவது சிறிய வகை. அதன் சாறு கூர்மையானது, மணமும் மிகுதி. பாரசீக வகை சற்றுச் சாந்தமாக இருக்கும், சாறும் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டில் எதைக் கொண்டும் நல்ல மார்கரிட்டா செய்யலாம்; ஆனால் சிறிய பழத்தைப் பயன்படுத்தும்போது சாற்றை 15 மில்லியிலிருந்து தொடங்குவதும், பாரசீக வகையானால் 20 மில்லியிலிருந்து தொடங்குவதும் என் வழக்கம். மஞ்சள் நிறத்தில் நீள்வட்டமாக இருக்கும் லெமன் பழத்தின் மணம் வேறு. அதைச் சேர்த்தால் கிடைப்பது வேறொரு பானம்.

பழத்தை வாங்கும்போது நிறத்தைவிட எடையைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிக் கனக்கும் பழத்தில் சாறு இருக்கிறது என்று பொருள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழத்தைச் சிறிது நேரம் வெளியே வைத்து, பிறகு உள்ளங்கையால் அழுத்தி மேசைமேல் உருட்டினால் உள்ளே இருக்கும் சாற்றுப் பைகள் உடைந்து இளகிவிடும். குறுக்காக இரண்டாக வெட்டி, வெட்டிய முகம் துளைகளைப் பார்த்தபடி பிழிகருவியில் வைத்து அழுத்தும்போது, பழத்தோல் உள்வெளியாகத் திரும்பிக்கொள்ளும். அந்த நொடியில் தோலிலிருந்து மிக நுண்ணிய எண்ணெய்த் தூறல் எழுவதை வெளிச்சத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மூக்கில் ஏறும் மணத்தில் பெரும்பங்கு அந்த எண்ணெயிலிருந்து வருவதுதான். புட்டியில் வரும் சாறு பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது என்பதால், அதில் புளிப்பு மிஞ்சியிருந்தாலும் இந்த மணம் இருப்பதில்லை. அழுத்துவதிலும் ஓர் எல்லை உண்டு. கடைசிச் சொட்டுவரை விடாமல் நசுக்கினால் உட்தோலின் கசப்பும் சேர்ந்து இறங்கும். அதனால் சாறு தாரையாக வருவது நின்றதும் கையை எடுத்துவிட்டு, அடுத்த பழத்துக்குப் போவது நல்லது.

பிழிந்த சாற்றைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். காற்றுப்பட்ட சாற்றின் மணம் படிப்படியாக மங்கி, மெல்லக் கசப்பு ஏறிவரும். மறுநாள் அதே சாற்றை நாக்கில் வைத்தால் புளிப்பு மட்டும் தட்டையாகத் தெரியும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நிற்பது ஆபத்தானது. தோலில் படும் அதன் சில வேதிப்பொருள்கள் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களோடு சேர்ந்து கொப்புளங்களையும், வாரக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளையும் உண்டாக்கக்கூடும். தோட்டத்திலோ கடற்கரையிலோ வைத்துக் கலக்குகிறவர்கள் பிழிந்து முடித்தவுடன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

இனி டெக்கீலா. ஆனைக்கற்றாழையின் உறவுச் செடியான நீல அகாவேயின் அடித்தண்டிலிருந்து இது வடிக்கப்படுகிறது. 1974-இல் மெக்சிகோ அரசு இதற்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. அதன்படி ஹாலிஸ்கோ மாநிலத்திலும், வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் தயாராவது மட்டுமே டெக்கீலா என்ற பெயரைத் தாங்க முடியும். செடி முதிர்வதற்குப் பெரும்பாலும் 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இலைகளைச் சீவி எறிந்தபின் மிஞ்சும் பருத்த அடித்தண்டை வேகவைத்தால், அதிலுள்ள மாவுப்பொருள் போன்ற சேர்மங்கள் இனிப்பாக மாறும். அந்த இனிப்பைப் புளிக்கவைத்து வடிப்பார்கள். புட்டியின் மேல் '100% அகாவே' என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். அப்படி எழுதாத டெக்கீலாவில், புளிக்கவைத்த சர்க்கரையில் 51 விழுக்காடு அகாவேயிலிருந்து வந்தால் போதும், எஞ்சியது கரும்பு போன்றவற்றின் சர்க்கரையாக இருக்கலாம் என்று சட்டமே இடம்கொடுக்கிறது. எலுமிச்சையோடு சேரும்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

மரப்பீப்பாயில் வைக்காத, அல்லது இரண்டு மாதங்களுக்கும் குறைவாக வைத்த பிளாங்கோ வகைதான் மார்கரிட்டாவுக்கு என் தேர்வு. வெந்த அகாவேயின் இனிய வாசமும் மிளகின் காரம் போன்ற ஒரு சுருக்கும் அதில் நேராக வந்து நாக்கைத் தொடும். இரண்டு மாதம் முதல் ஓராண்டுவரை பீப்பாயில் இருந்த ரெப்போசாடோவும் பொருந்தும், பானம் சற்று உருண்டு திரண்டதாக இருக்கும். ஓராண்டுக்கு மேல் இருந்த அன்யேஹோவைத் தனியாகச் சுவைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. மரம் அதற்குப் பொறுமையாக ஏற்றிக் கொடுத்த மென்மணங்களை எலுமிச்சை விழுங்கிவிடும்.

ட்ரிப்பிள் செக் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. குவாந்த்ரோ போன்றவற்றில் மதுச்செறிவு 40 விழுக்காடு. மலிவான பலவற்றில் அதில் பாதிகூட இருப்பதில்லை, இனிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும். செறிவு குறைந்ததை ஊற்றினால் பானம் நீர்த்தும் திகட்டியும் போகும். நல்ல ட்ரிப்பிள் செக் கிடைக்காதபோது, அதை அடியோடு விட்டுவிடுவதே மேல். சான் பிரான்சிஸ்கோ நகரில் தம் குடும்பம் நடத்தும் உணவகத்தில் ஹூலியோ பெர்மெஹோ என்பவர் புகழ்பெறச் செய்த வகையில் ஆரஞ்சு மது கிடையாது, அதற்குப் பதிலாக அகாவேப் பாகுதான் இனிப்பு. பாகைச் சம அளவு நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 60 மில்லி டெக்கீலாவுக்கு 30 மில்லி சாறும் 15 மில்லி கரைத்த பாகும் சேர்க்கிறேன். மதுவும் இனிப்பும் ஒரே இனச் செடியிலிருந்து வருவதால் டெக்கீலாவின் குணம் இதில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

இந்தப் பானத்தை முதலில் கலந்தவர் யார் என்பதற்கு உரிமை கோருகிறவர்கள் பலர். எவருக்கும் முடிந்த முடிவான சான்று இல்லை. டெக்கீலாவும் குவாந்த்ரோவும் எலுமிச்சையும் சேர்ந்த கலவை ஒன்று, பிகாடோர் என்ற பெயரில் 1937-இல் லண்டனிலேயே அச்சேறியிருக்கிறது என்பது மட்டும் உறுதி. 1971-இல் டல்லாஸ் நகரில் மரியானோ மார்டினெஸ் என்ற உணவக உரிமையாளர், மென்பனிக்கூழ் இயந்திரத்தை மாற்றியமைத்து, உறைந்த மார்கரிட்டா செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார்; அந்த இயந்திரம் இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடுங்குளிரில் நாக்கு இனிப்பை உணர்வது குறைந்துபோவதால் உறைந்த வகைக்குச் சர்க்கரை கூடுதலாகத் தேவைப்படும். அதனாலேயே எனக்குக் குலுக்கிய மார்கரிட்டாதான் பிடிக்கும்.

உப்பு வெறும் அலங்காரம் என்று சிலர் எண்ணுகிறார்கள். உப்பு கசப்பை அடக்கும். கசப்பு அடங்கியவுடன் ஆரஞ்சும் அகாவேயும் மேலெழுந்து வரும். எலுமிச்சைத் துண்டால் கிளாஸின் விளிம்பின் வெளிப்பக்கத்தை, அதுவும் பாதி வட்டத்தை மட்டும் ஈரமாக்கி, தட்டில் பரப்பிய கல்லுப்பின் மேல் சாய்த்து உருட்ட வேண்டும். உள்பக்கம் ஒட்டிய உப்பு பானத்தில் கரைந்து போகும். பாதியை வெறுமையாக விடுவதால், ஒவ்வொரு வாய்க்கும் உப்பு வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம். பொடியுப்பு படலமாக அப்பிக்கொண்டு கரிக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஷேக்கரில் ஊற்றியபின் கடைசியாகத்தான் ஐஸைப் போட வேண்டும், அதுவும் பெரிய, உறுதியான கட்டிகளாக. 12 முதல் 15 நொடிகள் வலுவாகக் குலுக்குங்கள். கட்டிகளின் கணீரென்ற ஓசை மெல்ல மந்தமாகும், ஷேக்கரின் வெளிப்புறம் வெண்பனி பூத்து விரல்களைக் கொத்தும்; அதுதான் நிறுத்தும் நேரம். இதற்குள் கலவையின் அளவில் ஏறத்தாழ கால் பங்கு நீர் ஐஸிலிருந்து உருகிச் சேர்ந்திருக்கும். அந்த நீர் பானத்தின் ஐந்தாவது பொருள் என்றே சொல்லலாம். அது இல்லாமல் மது எரிக்கும், புளிப்பு குத்தும். குலுக்கிய ஐஸை விட்டுவிட்டு, புதிய ஐஸ் போட்ட கிளாஸில் வடிகட்டுவதற்கு முன், ஒரு சிறு கரண்டியில் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு பற்களைக் கூசவைத்தால் ஒரு தேக்கரண்டி பாகு போதும். இனிப்பு நாக்கில் தங்கிவிட்டால் அதே அளவு எலுமிச்சைச் சாறு. குளிர்ந்தபின் சுவைத்தால்தான் இந்தக் கணக்குச் சரியாக வரும்.

எளிதாக உள்ளே இறங்கிவிடுவதால் இதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. 50 மில்லி டெக்கீலாவும் 20 மில்லி குவாந்த்ரோவும் சேர்ந்தால் தூய ஆல்கஹால் மட்டுமே 28 மில்லி, அதாவது சுமார் 22 கிராம். அமெரிக்காவில் ஒரு நிலையான மது அளவு என்று கணக்கிடுவது 14 கிராம். ஆகவே ஒரு கிளாஸ் மார்கரிட்டா என்பது ஒன்றரை அளவுக்கும் மேல். வெறும் வயிற்றில் குடிப்பதையும், குடித்தபின் வண்டியை எடுப்பதையும் நான் என் வீட்டில் யாருக்கும் அனுமதிப்பதில்லை.

பலருக்குச் செய்வதானால் டெக்கீலாவையும் ட்ரிப்பிள் செக்கையும் ஐந்துக்கு இரண்டு என்ற விகிதத்தில் முன்கூட்டியே கலந்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். அது வாரக்கணக்கில் கெடாது. எலுமிச்சையை மட்டும் விருந்தினர் வரும் நேரத்தை ஒட்டியே பிழிய வேண்டும். எல்லாப் பழங்களின் சாற்றையும் ஒரே குடுவையில் சேர்த்துக் கலக்கி, சுவைத்து, அன்றைய அளவை ஒருமுறை தீர்மானித்துக்கொண்டால் எல்லா கிளாஸ்களும் ஒன்றுபோல் அமையும். ஷேக்கரில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் குலுக்க வேண்டாம். நிரம்பி வழியும் ஷேக்கரில் ஐஸ் புரளாது, பானமும் குளிராது. புளிப்பு கூடுதலாக வேண்டும் என்பவர்களுக்காக வெட்டிய எலுமிச்சைத் துண்டுகளைப் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.