மேகாவின் சிவப்பு இறகு

மார்ச் 4, 2025, செவ்வாய்

மேகாவின் மார்பில் ஒரு சிவப்பு இறகு முளைத்திருக்கிறது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு வாலில் மட்டும்தான் சிவப்பு இருக்க வேண்டும்.

மார்ச் 5

காலை வெயிலில் சன்னலருகே வைத்து மறுபடியும் பார்த்தேன். இடது தோளுக்குச் சற்றுக் கீழே சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சிவப்பு தெரிகிறது. மேலே கிடக்கும் இறகுகளை வாயால் ஊதி விலக்கினால், அடிப்பகுதி வெளிறிய ரோஜா நிறமாகவும் நுனி வாலின் அதே சிவப்பாகவும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையன்று சிவப்பு முளைத்தது முருகன் கொடுத்த நல்ல சகுனம் என்றார்கள் அத்தை. அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் கிண்ணத்திலிருந்து சூரியகாந்தி விதைகளை மட்டும் பொறுக்கித் தின்ன அவளை விட்டுவிட்ட மாதங்கள் என் நினைவை விட்டு அகலவில்லை.

மார்ச் 7

பழுத்த மிளகாயை நிறையக் கொடுத்ததால் சிவந்திருக்குமோ என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். இல்லை. கோடியக்கரைக்கு வரும் பூநாரை தான் தின்பதிலிருந்து நிறம் பெறுகிறது; கிளியோ தன் சிவப்பையும் மஞ்சளையும் தானே செய்துகொள்கிறது. சிட்டகோஃபுல்வின் என்ற அந்த நிறமி கிளி இனத்துக்கே உரியது. பச்சைக் கிளியிடம் பச்சை நிறமியே இல்லை என்பதும், மஞ்சள் நிறமியும் இறகின் நுண்ணமைப்பு சிதறடிக்கும் நீல ஒளியும் சேர்ந்தே நம் கண்ணுக்குப் பச்சையாகின்றன என்பதும், அதனால்தான் கல்லீரல் கெட்ட கிளியின் பச்சை இறகுகளுக்கு நடுவே மஞ்சளோ கறுப்போ தலைகாட்டக்கூடும் என்பதும் இந்த மூன்று இரவுகளில் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. சாம்பல் கிளியின் மார்பில் சிவப்பு வருவதற்குப் பிறவிக் கூறு காரணமாகலாம், இறகைப் பிடுங்கிப் பிடுங்கி அது முளைக்கும் குழி புண்பட்டதாக இருக்கலாம், சத்துக்குறைவோ கல்லீரல் நோயோ இருக்கலாம், அலகையும் இறகையும் தாக்கும் பி.பி.எஃப்.டி. என்னும் வைரஸ் நோயாகவும் இருக்கலாம். கடைசியில் சொன்னதற்கு மருந்து கிடையாது.

மார்ச் 8

இன்னொன்று. இது முதுகில்.

மார்ச் 10

மருத்துவர் இரத்தமும் நான்கு இறகுகளும் எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினார். வைரஸ் இருப்பதாக வந்தாலும் உடனே மனம் உடைந்துவிட வேண்டாம், 90 நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும், சில பறவைகளின் உடல் அதைத் தானே வென்றுவிடும் என்றார். துண்டில் சுற்றிப் பிடித்தபோது மேகா போட்ட கூச்சல் இன்னும் காதில் ஒலிக்கிறது. வீட்டிலிருக்கும் காக்டீல் கிளி ஜோடியை மாடி அறைக்கு மாற்றிவிட்டேன். இறகுத் தூசியிலும் எச்சத்திலும் அந்த வைரஸ் நெடுநாள் உயிரோடு இருக்குமாம். ஆகவே சட்டை மாற்றாமல் நான் மாடிப்படி ஏறுவதில்லை.

மார்ச் 12

கூண்டின் அடித்தட்டில் உதிர்ந்து கிடந்த ஒரு சிறகிறகை விளக்கின் முன்னே பிடித்துப் பார்த்தேன். நடுவே, பிளேடால் கீறியதுபோல், குறுக்காக ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. இறகு வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் பறவைக்குப் பசியோ நோயோ பயமோ நேர்ந்தால் இப்படிக் கோடு விழும். வளர்ந்து முடிந்த இறகு நகத்தைப்போல் உயிரற்றது. பிறகு எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் அந்தக் கோடு அழியாது. இன்று நான் காணும் சிவப்பும் இன்று வந்ததல்ல, தோலுக்கடியில் குருத்தாக இருந்தபோதே முடிவானது. வாரங்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் சனவரியில் போய் நிற்கிறேன். நான் மருத்துவமனை வராந்தாவில் படுத்திருந்த அந்தப் பத்தொன்பது நாட்களில் அவள் தனியாக இருந்து மார்பைப் பிடுங்கிக்கொண்டாள். அத்தை வேளாவேளைக்கு விதை போட்டார்கள், தண்ணீர் மாற்றினார்கள்; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவளோடு பேச ஆள் இல்லை.

மார்ச் 13

முடிவு வரவில்லை.

மார்ச் 14

மேகா இன்று அப்பாவின் இருமலை இருமினாள். அத்தை எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

மார்ச் 16

காரட்டைத் தூக்கி எறிந்தாள், பரங்கியைத் தொடவில்லை, முருங்கைக்கீரையை மட்டும் ஒரு காலால் பிடித்துக்கொண்டு ஈர்க்குவரை உருவித் தின்றாள். எனக்கு அதுவே போதும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். இறங்கியபின் பார்த்தால் தோள் முழுவதும் கோலமாவு உதிர்ந்ததுபோல் வெள்ளைத் தூள். அந்த வைரஸ் நோய் முற்றினால் இந்தத் தூள் குறைந்து அலகு பளபளக்கத் தொடங்கும். தூள் இருக்கிறது, அலகும் மங்கலாகத்தான் இருக்கிறது. சட்டையைத் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 17

கழுத்தோரம் ஒரு குருத்து, இன்னும் உறை பிரியவில்லை. நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அனுப்பிய மாதிரி போதவில்லை என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்களாம், நாளை காலை மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும். துண்டைக் கண்டால் அவள் அலறுகிறாள் என்பதால், இன்றிரவே அதைக் கூண்டின் மேல் மடித்துப் போட்டிருக்கிறேன். ஓரத்தைக் கம்பி வழியாக உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.