மலைப்பாதையில் சோலார் சார்ஜர்: மீட்டர் சொன்ன கணக்கு

கரண்ட் எட்டிப் பார்க்காத மலைப்பாதையில் நாள்கணக்கில் நடக்கும்போது, கால்வலியைவிடப் பெரிய கவலை போன் சார்ஜ்தான். வழி பார்க்க மேப், படம் எடுக்க கேமரா, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு கருவி, எல்லாமே அந்த ஒரு போன்தான். அதனால் இந்த முறை மடித்து வைக்கும் 21 வாட் சோலார் பேனல் ஒன்றும் 10,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பவர் பேங்க் ஒன்றும் பையில் ஏறின. கூடவே வோல்ட், ஆம்பியர் காட்டும் விரல் நீள யுஎஸ்பி மீட்டர். அது இல்லாவிட்டால் பேனல் வேலை செய்கிறதா, சும்மா வெயில் காய்கிறதா என்றே தெரியாது.

பேனலில் அச்சிட்டிருக்கும் 21 வாட், ஆய்வகத்து வாட். அது வர, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ வேண்டும், செல்லின் (பேனலில் ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடு) சூடு 25 டிகிரியில் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் கறுப்புப் பேனல் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். சூடு ஏற ஏற சிலிக்கான் செல்லின் திறன் இறங்கும். எனக்கு நல்ல வெயிலில் 13, 14 வாட்டுக்கு மேல் வரவில்லை. அதுவே நல்ல பேனல் என்பேன்.

வெயிலைவிடக் கோணம் முக்கியம் என்று மீட்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. காலை ஒன்பது மணிவாக்கில் பாறைமேல் தட்டையாக விரித்தபோது 1.2 ஆம்பியர். கீழே ஒரு கல்லை முட்டுக்கொடுத்து சூரியனுக்கு நேராக நிமிர்த்தியதும் 1.9. பிறகு ஒரு செல்லை மட்டும் உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன். எண் மளமளவென்று சரிந்தது. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்த மாதிரி, ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுக்க மின்னோட்டம் குறைந்துவிடும். முதுகுப்பையில் தொங்கவிட்டு நடந்தபடியே சார்ஜ் ஏற்றுவது விளம்பரப் படத்துக்கு அழகு. நடக்கும்போது முதுகு சூரியனைப் பார்க்காது. பார்த்தாலும் மரக்கிளை விடாது.

போனை நேரடியாகப் பேனலில் செருகுவதும் எனக்குச் சரிப்படவில்லை. மேகம் கடந்தால் மின்னோட்டம் விழும். சில போன்கள் உடனே மெதுவான சார்ஜுக்கு இறங்கி, வெயில் திரும்பிய பிறகும் அங்கேயே நிற்கும். கழற்றி மாட்டினால்தான் வழிக்கு வரும். போதாக்குறைக்கு வெயிலில் கிடக்கும் போன் சூடாகி, சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும். லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது ஆகாது. ஆகவே பகலில் பேனலிலிருந்து பவர் பேங்குக்கு, இரவில் கூடாரத்துக்குள் அதிலிருந்து போனுக்கும் தலைவிளக்குக்கும் என்று வைத்துக்கொண்டேன். பவர் பேங்கைப் பேனலின் பின்புற நிழலில் வைத்தால் போதும், குட்டையான கேபிளாக இருந்தால் மின்னழுத்தமும் வீணாகாது.

10,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 37 வாட்-மணி, அதாவது ஒரு வாட் வீதம் 37 மணி நேரம் தரக்கூடிய மின்சாரம். மாற்றத்தில் போகும் இழப்பைச் சேர்த்தால், அது நிரம்ப நல்ல வெயிலில் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதைக் கொண்டு 5000 எம்ஏஎச் போனை ஒன்றரை முறை நிரப்பலாம். வழியில் சந்தித்த ஒருவர், முதுகில் உள்ளங்கையளவு பேனல் ஒட்டிய பவர் பேங்க் வைத்திருந்தார். அந்த அளவுப் பேனலுக்கு ஒன்றரை வாட் வந்தாலே பெரிது. இழப்பே இல்லையென்றாலும் இருபத்தைந்து மணி நேர முழு வெயில் வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

என் கணக்கு இதுதான்: நான்கைந்து நாள் பயணத்துக்கு இன்னொரு பவர் பேங்க் போதும், எடையும் குறைவு. அதற்கு மேல் போனால், அதுவும் மதியம் திறந்தவெளியில் ஓரிடத்தில் உட்கார முடிந்தால், பேனல் தன் எடைக்கு ஈடுகொடுக்கும். அடர்ந்த காட்டுக்குள் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

வானம் மூடிக்கிடந்த நாட்களில் மீட்டர் 0.2, 0.3 ஆம்பியர் என்றே தடவிக்கொண்டிருந்தது. அப்போது கைகொடுத்தது ஃப்ளைட் மோட்தான். சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே போன் பேட்டரியைத் தின்றுவிடும். அதை நிறுத்திவிட்டு, வழி பார்க்க மட்டும் ஜிபிஎஸ்ஸும் இறக்கிவைத்த மேப்பும் என்று ஓட்டினேன். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை.